கத்தரிப் பூவை உலுக்குகிறவள்

"உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?"

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் என் மேசையைக் கதவுபோலத் தட்டிக்கொண்டு இப்படித்தான் கேட்டார். பூவின் பாகங்களை எழுந்து நின்று சொல்ல வேண்டும். எனக்கு எல்லாமே தெரியும். சூலகம், சூல்முடி, மகரந்தப்பை என்று வரிசையாக நாக்கு நுனிவரை வந்தன. அதற்கு மேல் வரவில்லை. எனக்கு அப்படித்தான், வீட்டைத் தாண்டினால் பேச்சு வராது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், கெட்ட மனசோடு இல்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஏன் என்று அப்பா கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குமே பேச்சு கம்மி. அப்பா பால் வண்டி ஓட்டுகிறார். ஹாரன்கூட அதிகம் அடிக்கமாட்டார்.

அப்படி வீட்டோடு தங்கியதால்தான் அவள் என் கண்ணில் பட்டாள்.

உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகிற ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் கத்தரி, தக்காளி, ஒற்றை ரோஜாச்செடி. ஓரத்தில் ஒரு மோட்டார் ரூம். மோட்டாரை எடுத்து வெகுகாலம் ஆகிறது, மண்சுவர் மட்டும் நிற்கிறது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் கண்ணாடித் தோட்டம். அதற்குள்ளும் கத்தரிதான்.

"கத்தரிக்குப் போய்க் கண்ணாடி வீடா? அதென்ன செடியா, கலெக்டர் பொண்ணா?" என்று பக்கத்து வீட்டு ரங்கம்மா அத்தை கேட்பாள். உள்ளே வேலை செய்கிற அம்மாவுக்கே பதில் தெரியாது. ஏதோ மருந்துக் கத்தரி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தேனீ வந்தது. நமக்குத் தெரிந்த தேனீ இல்லை. கறுப்பு உடம்பில் நீலக் கோடுகள், மயில் கழுத்தை ரிப்பனாக வெட்டிச் சுற்றியதுபோல. அந்தரத்தில் நின்றது, விருட்டென்று நகர்ந்தது, மறுபடி நின்றது. பிறகு கத்தரிப் பூவின் மஞ்சள் குழல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உடம்பை வளைத்து, ஒரு ரீங்காரம் போட்டது பாருங்கள். ர்ர்ர்ர்! பூவே நடுங்கியது. சல்லடையிலிருந்து மாவு விழுவதுபோல மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டியது!

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. குடத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி அம்மாவை இழுத்துவந்தேன்.

கத்தரிப் பூவில் மகரந்தம் குழலுக்குள் அடைபட்டுக் கிடக்கும். நுனியில் ஊசித் துளைதான் வழி. யாராவது உலுக்கினால்தான் வெளியே வரும். கண்ணாடித் தோட்டத்தில் அந்த வேலையை அம்மாவும் மற்றப் பெண்களும் செய்கிறார்கள். பேட்டரியில் அதிர்கிற ஒரு குச்சியை ஒவ்வொரு பூவிலும் வைத்து எடுக்க வேண்டும். குச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் கிர்ரான்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அடி இவளே, நாங்க கிர்ரான் புடிச்சுக் கை மரத்துப் போறோம். இவ பாட்டுக்கு ஒரு பாட்டுப் பாடி வேலைய முடிச்சர்றா!"

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவள் போகிற திசையிலேயே போனேன். மோட்டார் ரூம் மண்சுவரில், சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளைக்குள் போனாள். பக்கத்தில் இன்னொரு துளை, அதில் இன்னொருத்தி. இவர்களுக்கு ராணி கிடையாது, வேலைக்காரி கிடையாது, அடை கிடையாது. அவரவர் வீட்டை அவரவரே தோண்டி, அவரவர் பிள்ளைக்கு அவரவரே மகரந்தம் கொண்டுவந்து, மண்ணைக் குழைத்து அறையை மூடிவிடுகிறார்கள். அடுத்தடுத்த வீடுதான். ஆனால் ஒருத்தி சட்டியில் இன்னொருத்தி கை விடமாட்டாள்! நான் துளையருகே வாயை வைத்து டீச்சர் மாதிரியே, "உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டேன். சின்னதாக ஒரு ர்ர் வந்தது. எனக்கு ஒரே சிரிப்பு.

அம்மாவின் பழைய மெல்லிய சேலையைக் கிழித்துச் சில பூக்களுக்கு முக்காடு போட்டுப் பார்த்தேன். முக்காடு போட்ட பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்தன. தப்பிப் பிழைத்தவை கோலிக்குண்டு அளவுக்குக் காய்த்தன. அவள் பாடிவிட்டுப் போன பூக்களிலோ, காய் என்றால் காய்! ஊதா நிறத்தில் மினுமினுப்பாக, கிளை தாங்காமல். அம்மா எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தாள். ரங்கம்மா அத்தைக்கு நானே ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மளிகைக் கடைக்குப் போனேன். எப்போதும் துண்டுச்சீட்டை நீட்டுவேன். அன்று, "அண்ணா, அரைக் கிலோ துவரம்பருப்பு, போன தடவை குடுத்ததுல பாதி கல்லு" என்றேன்.

சொன்னது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

கடைக்கார அண்ணன் தராசுத் தட்டைக் கீழே விட்டுவிட்டார். "அம்மிணி, நீ பேசுவியா!"

"எனக்கே இப்பத்தான் தெரியுதுங்க."

வீட்டுக்கு ஓடிவந்தேன், வழியில் இருந்த எல்லோரிடமும் பேசிக்கொண்டே. பயம் போய்விடவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பயத்தைக் கண்டுகொள்ளாமல் பேச்சு அதுபாட்டுக்கு வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அப்பா ஒரு வாய் வைத்தார். "ஏ புள்ள, உன்ற ரசம் எனக்குக் கல்யாணமான நாள்லயிருந்தே புடிக்கல" என்றார்.

அம்மா கரண்டியை வைத்தாள். "எனக்கும் புடிக்கலீங்க. உங்களுக்குப் புடிக்குமாட்ட இருக்குதுன்னுதான் வெச்சிட்டிருந்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள், அப்பாவுக்குப் புரையேறுமளவுக்கு. என் வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ரங்கம்மா அத்தையும் தினம் அந்தக் கத்தரிக்காயைத்தான் சாப்பிட்டாள். அவளிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. முன்னேயும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் மருமகள் சுகந்தி அக்கா ஒரு நாள் பரிமாறிக்கொண்டே, "அத்தே, இந்த வீட்ல நான் ஒரு நாளும் நிம்மதியாத் தூங்குனதில்ல" என்று சொன்னாள். சொன்னவள் கேட்டவர்களைவிட அதிகமாகத் திகைத்தாள். சாயங்காலம் பையோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வாரமே கண்ணாடித் தோட்டத்தில் சூப்பர்வைசர் மாதேஸ்வரன் வழக்கம்போலப் பெண்களைச் சத்தம் போட்டிருக்கிறார். அம்மா கிர்ரானை அணைத்துவிட்டு, "ஏனுங்க, வண்டும்தான் கத்துது, நீங்களும்தான் கத்தறீங்க. வண்டு கத்துனாக் காய் புடிக்குது. நீங்க கத்தி என்ன புடிச்சுதுங்க?" என்று கேட்டுவிட்டாள். கண்ணாடிக் கூரை அதிரச் சிரித்திருக்கிறார்கள். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்ணாடித் தோட்டத்துக் கத்தரியை உருவாக்கியவர் அவர்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்ன வயசு. வந்து உட்காரக்கூட இல்லை.

"அக்கா, உள்ள இருந்து காய் எடுத்துட்டு வந்தீங்களா?"

அம்மாவின் முகம் சிவந்தது. "என்ற வீட்ல கத்தரி காய்க்காமலா உங்குளுத எடுக்கறேன்? வந்து பாருங்க!"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசின மாதிரி எங்க மாத்திரை சாப்பிட்டவங்கதான் பேசுவாங்க. அந்தக் கத்தரி விதையிலதான் மாத்திரை. பேச்சு பூட்டிக்கிட்டவங்களுக்காக நான் பண்ணது. இப்ப இன்டர்வியூ போறவங்க, மேடை ஏறறவங்க எல்லாம் வாங்கறாங்க."

"பயத்தைப் போக்குற மருந்துங்களா?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா. பயம் அப்படியே இருக்கும். பயத்துக்கும் நாக்குக்கும் நடுவுல இருக்கிற கயிற மட்டும் அறுத்துடும். ஒரு தொந்தரவு, யாராவது கேட்டா பதில் வந்துடும். பொய் சொல்ல யோசிக்கணும் இல்லையா? யோசிக்கறதுக்குள்ள உண்மை வெளிய வந்து நிக்கும்."

எனக்குள் பட்டாசு வெடித்தது. "அப்ப என்ற நீலக்காரிதான்! அவ பாடுற பாட்டு காய்க்குள்ள எறங்கிடுது, அதைத் தின்னா நமக்குப் பேச்சு வருது! நான் அப்பவே நெனச்சேன்!"

டாக்டர் சிரித்தார். "பாட்டு எறங்காது. மகரந்தம் எறங்கும். யார் அந்த நீலக்காரி? காட்டு."

நான் காட்டினேன். ஐயோ, எல்லாவற்றையும் காட்டினேன்! இருட்டுகிற நேரத்தில் ஆண் தேனீக்கள் வேலியோரத்துக் காய்ந்த தண்டில் வரிசையாகத் தூங்கும். கால்களை மடக்கிக்கொண்டு, தண்டை வாயால் கவ்விப் பிடித்தபடி, தோரணம் கட்டியதுபோல. அவர்களுக்கு வீடு கிடையாது, வீடு பெண்களுக்குத்தான். பிறகு மண்சுவருக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு துளையாகக் காட்டி, இவள் சோம்பேறி, இவள் வேகக்காரி, இவள் பக்கத்து வீட்டைத் தன் வீடென்று நினைத்துப் போய்த் திட்டு வாங்குகிறவள் என்று சொன்னேன். வாழ்நாள் பேச்சையெல்லாம் அவரிடம் கொட்டினேன்.

அவர் குந்தி உட்கார்ந்து சுவரோடு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "இத்தனை வருஷம் அந்தச் செடிய வளக்கறேன்" என்றார் மெதுவாக. "அதோட பூவை ஒரு தேனீ தொட்டு நான் பாத்ததே இல்ல. இந்த மாதிரி சின்னது ரொம்ப தூரம் போகாது. எங்க செடிக்கு வந்துட்டு உங்க செடிக்கு வருது. உங்க காய்ல விதைக்குள்ள எங்க மருந்து வந்திருக்கு. ஆனா உள்ள எப்படி வந்துச்சு? எல்லாப் பக்கமும் வலை போட்டிருக்கோமே."

"டீ நேரத்துல ஃபேன் பக்கத்து வலைய நாங்கதாங்க தூக்கி விடுவோம்" என்றாள் அம்மா. சொன்னபிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "உள்ள வெந்து சாகறோமுங்க."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர், "எனக்கும் அங்க வேகுதுக்கா" என்றார்.

நான் சுகந்தி அக்காவைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "மாத்திரை சாப்பிடறவங்க தெரிஞ்சு சாப்பிடறாங்க. அவங்க தெரியாம சாப்பிட்டுட்டாங்களே" என்றார். நான் கொடுத்த பை என் கண்முன் வந்தது. சுகந்தி அக்கா போனது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வார்த்தையை எப்போது சொல்வது என்று அவள் அல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

"மேடம், நீங்க அந்த மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"அக்கான்னு கூப்பிடு. தினமும் காலைல சாப்பிடறேன்." அவர் சுவரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "காலேஜ் முடிக்கிற வரைக்கும் நான் யாரோடயும் பேசினதில்ல, பவளா. எனக்காகத்தான் முதல்ல அந்தச் செடிய உருவாக்கினேன்."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில். என்னை மாதிரி ஒருத்தி!

ஆனால் அடுத்து அவர் சொன்னது வேறு. மருந்துச் செடியின் மகரந்தம் வெளியே போய்விட்டால், அது கலந்த செடிகளைப் பிடுங்க வேண்டும், கொண்டுபோன தேனீயைக் கூட்டோடு அழிக்க வேண்டும். அதுதான் விதி. வலையைச் சோதிக்கிற நாள் வருகிறது, தூக்கி விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"நீங்க சொல்லாம இருங்க அக்கா."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா வந்துடுமே." அவர் எழுந்து புடவையைத் தட்டினார். "உனக்குப் பேச்சு வேணும்னா ஒரு வழி இருக்கு. எங்க சோதனையில உன் பேரச் சேத்துடறேன். மாத்திரை வந்துக்கிட்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு வெச்சுக் கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான்."

அவர் போனபிறகு நான் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்பார்கள். கேட்டால் நான் சுவரைச் சொல்லிவிடுவேன். என் வாய் திறந்தால் நீலக்காரிகளின் வீடு போய்விடும். என் குரலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? கடையில், பஸ்ஸில், தெருவில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுக்கவே இல்லை. அன்று ராத்திரி அம்மா கத்தரிக்காய் வதக்கியபோது தட்டை நகர்த்திவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் தன் தட்டிலிருந்ததை ஒதுக்கினாள். அப்பா மட்டும், "எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியதிருக்குதே" என்றார். பிறகு அவரும் மோர்ச்சோற்றுக்கு மாறினார்.

சில நாளிலேயே பேச்சு மறுபடி நின்றுவிட்டது. கடைக்கு மறுபடி துண்டுச்சீட்டு கொண்டுபோனேன்.

அவர்கள் ஒரு வெயில் நேரத்தில் வந்தார்கள். மாதேஸ்வரன், மருந்து டப்பாவை முதுகில் மாட்டிய ஆட்கள், பின்னால் எஸ்தர் அக்கா. முதலில் கத்தரிச் செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டினார்கள். பூவும் பிஞ்சுமாக எல்லாமே போயிற்று. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போகட்டும், தக்காளியிலும் பூ இருக்கிறது, சுவர் நின்றால் போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"இப்ப கூடு" என்றார் மாதேஸ்வரன். "தேடுங்கடா."

ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தென்னை மட்டை இடுக்கில், ஓட்டுக்கு அடியில், வேம்பின் கிளையில். தேனீ என்றால் அடை தொங்கும் என்று அவர்களுக்கு நினைப்பு! ஒருவன் தென்னை மரத்தில் ஏறி, வியர்த்து விறுவிறுத்து இறங்கினான். மாதேஸ்வரன் களைத்துப்போய், நிழலுக்காக மோட்டார் ரூமுக்கு நகர்ந்து, மண்சுவரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டார்.

சரியாகத் துளைகளின் மேல்!

என் வேகக்காரி மகரந்தத்தோடு வந்தாள். முழங்கை வாசலை மறைத்திருந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றாள், நகர்ந்தாள், நின்றாள். அவர் ஈயென்று நினைத்துக் கையை வீசினார்.

"ஏம்புள்ள, வண்டு எங்க கூடு கட்டியிருக்குது?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, வராததற்காகச் சந்தோஷப்பட்டேன்.

"அது பேசாதுங்க" என்றாள் அம்மா. "எனக்கும் தெரியாதுங்க." அம்மா சொன்ன பொய்களிலேயே அதுதான் அழகு.

வேலிக்கு அந்தப் பக்கம் ரங்கம்மா அத்தை நின்றாள். அவள் வீட்டில் இன்னும் கத்தரி வற்றல் இருந்தது எனக்குத் தெரியும். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். மாதேஸ்வரன் அவளிடமும் கேட்டார்.

"வண்டா? என்ற மருமக எப்ப வருவான்னே எனக்குத் தெரியல. இதுல வண்டு எங்க போகுதுன்னு எனக்கெப்படிங்க தெரியும்? நானே போய்க் கூப்பிடலாமான்னு பாக்கறேன், தப்பு என்ற மேலதாங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"மேடம், அன்னிக்கு நீங்கதானே இங்க வந்தீங்க? இந்தப் புள்ள உங்ககிட்டக் கூட்டைக் காட்டுச்சா?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவருக்கு ஒவ்வொரு துளையும் தெரியும். நானே கூட்டிப்போய், பெயர் வைக்காத குறையாகக் காட்டியிருக்கிறேன். கேட்டால் பதில் வந்துவிடும்.

எஸ்தர் அக்காவின் உதடு பிரிந்தது. மறுபடி சேர்ந்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. கைவிரல்கள் முந்தானையைப் பிடித்துச் சுருட்டின. நெற்றியெல்லாம் வியர்வை. அந்த நிலையை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? உள்ளே வார்த்தைகள் முட்டிமோதிக்கொண்டு நிற்கும், வெளியே ஒன்றும் வராது.

"மேடம்? உங்களத்தானுங்க. காட்டுச்சா, இல்லையா?"

மாதேஸ்வரன் முழங்கையைச் சுவரிலிருந்து எடுத்தார். வேகக்காரி அவர் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார். "என்னங்க மேடம், காலைல மாத்திரை போடலீங்களா? மத்தியானம் மீட்டிங் இருக்குது. பெரியவங்க எல்லாம் வர்றாங்க. நீங்க பேசாம அங்க யாருங்க பேசுவா?"

எனக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பயந்த கண்கள்தான். ஆனால் அந்தக் கண்களுக்குள் யாரோ சந்தோஷமாகக் குதித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு பிடுங்கிப் போட்ட செடிகளைத் தாண்டி, மருந்து டப்பாக்காரர்களைத் தாண்டி, நிறுத்தியிருந்த ஜீப்பில் ஏறாமல், கண்ணாடித் தோட்டத்தின் பக்கம்கூடத் திரும்பாமல், பஸ் நிற்கிற ரோட்டை நோக்கி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடந்துபோனார்.